பாலைவன எலின்னா வெயில் தாங்கும்னு யாருங்க சொன்னது?

கத்திரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இதை எழுதிடணும்னு நெனச்சிருந்தேன், அதுக்குள்ள இந்த வாரம் இன்னொரு கேஸ் வந்துடுச்சு. ரோபோ ஹாம்ஸ்டர்னு வீட்டுல செல்லமா வளர்க்கற குட்டி எலி, மத்தியானம் பூரா கூண்டோட பால்கனில இருந்திருக்கு. கொண்டு வரும்போதே உடம்பு தொய்ஞ்சு, தாடை மார்பெல்லாம் எச்சில்ல நனைஞ்சு கெடந்துச்சு, காப்பாத்த முடியல. அதை வளர்த்த அம்மா அழுதுகிட்டே கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர், இது பாலைவனத்துல வாழறதுதானே, வெயில் எப்படி ஒத்துக்காம போகும்?" ஒவ்வொரு கோடைலயும் இதே கேள்வியைக் கேட்டுட்டு இருக்கேன். அவங்களையும் குத்தம் சொல்ல முடியல, விக்கறவங்களே அப்படி சொல்லித்தான் குடுக்கறாங்க.

முதல்ல அந்தப் பாலைவனம் எதுன்னு தெரிஞ்சுக்கங்க. ரோபோன்னு கடைல சுருக்கமா சொல்ற ரோபரோவ்ஸ்கி ஹாம்ஸ்டர் மங்கோலியா, வடக்கு சீனா பக்கம் இருக்கற கோபி பாலைவனத்துப் பிராணி. கோபி நம்ம ஊர் வெயில் மாதிரி வருஷம் பூரா காயற இடம் இல்ல, அது குளிர் பாலைவனம், குளிர்காலத்துல மைனஸ் 40 டிகிரி வரைக்கும் போகும். கோடைல பகல்ல சூடுதான், ஒத்துக்கறேன், ஆனா அந்தச் சூட்டுல இந்த எலி வெளிய நின்னுட்டு இருக்கும்னு நீங்களா ஏன் முடிவு பண்றீங்க? பகல் பூரா மணலுக்குள்ள தோண்டின வளைல படுத்திருக்கும், பொழுது சாஞ்சு மணல் ஆறினப்புறம்தான் விதை, பூச்சி தேடி வெளிய வரும். அதாவது இது வெயிலைத் தாங்கி வாழற பிராணியே இல்லீங்க, வெயில் கண்ணுலயே படாம ஒளிஞ்சு வாழற பிராணி. ராஜஸ்தான் தார் பாலைவனத்துல இருக்கற பாலைவன எலி பகல்ல நடமாடற ஜாதிதான், அதுக்கும் வளை இல்லாம வாழ்க்கை கெடையாது. நீங்க அந்த வளையைப் பிடுங்கிட்டு, கம்பிக் கூண்டுல போட்டு, சிமெண்ட் பால்கனில வெச்சுட்டு, பாலைவனம்தானேன்னா எப்படி?

இன்னொன்னு, இதோட சைஸு. நல்லா வளர்ந்த ரோபோ கட்டைவிரல் நீளம்தான், சுமார் 5 சென்டிமீட்டர், எடை 20 லேருந்து 25 கிராம். இவ்ளோ சின்ன உடம்பு வெளிய இருக்கற சூட்டை மளமளன்னு உள்ள இழுத்துக்கும். நமக்கு வேர்க்கற மாதிரி இதுக்கு வேர்க்காது, நாய் மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டு இரைச்சு சூட்டைத் தணிச்சுக்கவும் முடியாது. எச்சிலை எடுத்து முடி மேல பூசிக்கறதுதான் கடைசி வழி, அந்த 20 கிராம் உடம்புல அதுக்கு எவ்ளோ தண்ணி இருந்துடப் போகுது? நாக்கு வறண்டு மயங்கினப்புறம் நான் என்னதான் பண்றது சொல்லுங்க.

சைஸைப் பாத்து வர்ற அடுத்த தப்பு, "இன்னும் குட்டிதான் டாக்டர், வளரும்." வளராதுங்க. 120, 150 கிராம் வர்ற சிரியன் ஹாம்ஸ்டரைப் பாத்துட்டு இதுவும் அப்படி ஆகும்னு நெனைக்கறாங்க, ரெண்டும் வேற வேற ஜாதி. பெருசாகணும்னு சூரியகாந்தி விதையா அள்ளிப் போட்டா கொழுப்புதான் ஏறும். இதுக்கெல்லாம் மேல, குட்டின்னு நெனச்சு ஆணையும் பெண்ணையும் ஒண்ணா விட்டுடறாங்க. ஒண்ணு ஒன்றரை மாசத்துலயே இதுங்க இனப்பெருக்கத்துக்குத் தயாராகிடும். சினைக்காலம் 20 லேருந்து 22 நாள். ஒரு ஈத்துக்கு மூணுலேருந்து ஒம்பது குட்டி வரைக்கும் போடும், ஒவ்வொண்ணும் ஒரு கிராம் ரெண்டு கிராம், ரோமம் இல்லாம கண்ணு தொறக்காம செக்கச் செவேல்னு இருக்கும். ரெண்டு வாரத்துல கண்ணு தொறந்து, மூணு வாரத்துல பால் மறந்து, இன்னும் ரெண்டு மூணு வாரத்துல அதுங்க அடுத்த ரவுண்டுக்குத் தயார். ஆணைப் பிரிக்கலேன்னா குட்டி போட்ட அன்னிக்கே தாய் மறுபடியும் சினையாகிடும், ஒரு பக்கம் பால் குடுத்துட்டே இன்னொரு பக்கம் சினையைச் சுமந்து ஒடுங்கிப் போய்தான் எங்கிட்ட வருது. "ரெண்டுமே பெண்ணுன்னு கடைல சொன்னாங்க" ங்கறதை நம்பாதீங்க, வாங்கின வாரமே ஒரு டாக்டர்கிட்ட காட்டி ஆணா பெண்ணான்னு பாத்துடுங்க.

குட்டி போட்டுடுச்சா, தயவுசெஞ்சு ரெண்டு வாரம் கூட்டைக் கலைக்காதீங்க, தொட்டுப் பாக்காதீங்க, ஃபோட்டோ எடுக்க மூடியைத் தொறக்காதீங்க. பயந்த தாய் குட்டியைத் தின்னுடும். அப்புறம் அதைக் கொலைகாரின்னு சொல்லி என்ன பிரயோஜனம்? பயமுறுத்தினது நாமதானே.

ஆயுசு ரெண்டு, நல்லா பாத்துகிட்டா மூணு வருஷம். அதனால "ரெண்டு நாள் பாப்போம், சரியாகலேன்னா போவோம்"ங்கற கணக்கு இங்க செல்லாது. 22 கிராம் இருக்கற பிராணி ரெண்டு கிராம் எளைச்சா, அது 60 கிலோ ஆள் அஞ்சு கிலோவுக்கு மேல எளைச்ச மாதிரி. சமையலறைல வைக்கற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கி வாரம் ஒரு தடவை எடை போட்டு எழுதி வைங்க, என் அனுபவத்துல நோயை முதல்ல காட்டிக்குடுக்கறது அந்த நோட்டுதான். அப்புறம் மெடிக்கல் ஷாப்ல அமாக்சிசிலின் சிரப் வாங்கி சொட்டு விடறவங்க, அதை நிறுத்துங்க. மனுஷக் குழந்தைக்கு சாதாரணமா குடுக்கற அந்த மருந்து ஹாம்ஸ்டர் குடல்ல இருக்கற நல்ல கிருமிகளை அழிச்சு வயித்துப்போக்குல ஆளையே கொன்னுடும். இதைக் கோவமாவேதான் சொல்றேன்.

சரி, என்ன பண்ணணும். கூண்டு வீட்டுக்குள்ள, நேர் வெயிலும் ஏசி காத்தும் படாத எடத்துல. ரூம் 20லேருந்து 24 டிகிரி இருந்தா உத்தமம், 30ஐத் தாண்டினா ஆபத்துன்னு வெச்சுக்கங்க. ஏசி இல்லாத வீடா, தரையோட ஒட்டின அறைல வைங்க, ஒரு மண்சட்டியைக் கவுத்து உள்ள வைங்க, ஐஸ் பாட்டிலைத் துணில சுத்தி கூண்டு பக்கத்துல வைங்க. தோண்டறதுக்கு நல்லா ஆழமா பேப்பர் தூளோ தூசி இல்லாத மரச்சுருளோ போடுங்க. பஞ்சு வேண்டாம், நூல் கால்ல சுத்தி காலையே எடுக்கற நெலமைல கொண்டு வர்றாங்க. தண்ணில குளிப்பாட்டவே கூடாது, ஒரு கிண்ணத்துல சுத்தமான காஞ்ச மணல் வைங்க, அதுவே புரண்டு சுத்தம் பண்ணிக்கும். பாலைவனப் பிராணிதானேன்னு குடிக்கத் தண்ணி வைக்காம விடறவங்களும் இருக்காங்க, காஞ்ச விதையைப் போட்டுட்டு தண்ணியும் குடுக்கலேன்னா எங்க போகும் அது? கம்பி இடைவெளி கொஞ்சம் அதிகமா இருந்தாலும் நழுவி ஓடிடும், கண்ணாடித் தொட்டிக்கு மேல வலை போட்டா நல்லது.

சூட்டுல துவண்டுட்டா ஐஸ் தண்ணில முக்காதீங்க, அந்த அதிர்ச்சியே போதும் அதுக்கு. நிழலுக்கு மாத்தி, சாதாரணத் தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணி மேல படுக்க வெச்சு, காதையும் காலையும் லேசா ஈரப்படுத்துங்க. நெனவு இருந்தா மட்டும் வாய் ஓரத்துல ஒரு சொட்டு தண்ணி, மயக்கத்துல இருந்தா வேண்டவே வேண்டாம், நுரையீரலுக்குப் போயிடும். உடனே கெளம்புங்க, கெளம்பறதுக்கு முன்னாடி சின்னப் பிராணிகள் பாக்கறவங்கதானான்னு கிளினிக்குக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடுங்க, எல்லா எடத்துலயும் பாக்க மாட்டாங்க.

லீவுக்கு ஊருக்குப் போறவங்க, வீட்டைப் பூட்டி ஃபேனையும் நிறுத்திட்டு ரெண்டு நாளைக்குத் தீனி போட்டிருக்கோம்னு போயிடாதீங்க, பூட்டின வீடு மத்தியானத்துல எவ்ளோ கொதிக்கும்னு உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டுலயோ சொந்தக்காரங்ககிட்டயோ கூண்டோட குடுத்துட்டுப் போங்க, பால்கனில வைக்கக்கூடாதுன்னு அவங்களுக்கும் சொல்லிட்டுப் போங்க.