50 கிலோ மூட்டையைத் தூக்கினால் கொக்கிக்கு 100 கிலோ

பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் மாடி எழும்பும் எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம். சாரத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு ஒரு சவுக்குக் கம்பு, அதில் கம்பி சுற்றித் தொங்கவிட்ட கப்பி, கீழே நின்று ஒரு ஆள் கயிற்றை இழுக்க இழுக்க மேலே போகும் சிமெண்ட் மூட்டை. கம்பு தாங்குமா என்று கேட்டால் எல்லா சைட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "மூட்டை அம்பது கிலோதான அண்ணாச்சி, இது தாங்காதா?"

கட்டட இன்ஜினியராக என் சண்டையெல்லாம் இந்தப் பதிலோடுதான். மூட்டை ஒரு பக்கம் 50 கிலோ கீழே இழுக்கிறது, சரி. கயிறு பிடித்திருக்கிற ஆளும் கீழ்நோக்கித்தானே இழுக்கிறார், அதுவும் 50 கிலோ. இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டியது கப்பி தொங்கும் கொக்கி, கொக்கியைத் தாங்கும் கம்பு, கம்பைக் கட்டியிருக்கிற கயிற்று முடிச்சு. ஆக 100 கிலோ. (இயற்பியல் வாத்தியார்கள் கோபிக்க வேண்டாம், விசைக்கும் கிலோவே வைத்துக்கொள்கிறேன், 9.8ஆல் பெருக்கினால் நியூட்டன் வந்துவிடும்.)

இதுவும் மூட்டை ஆடாமல் அசையாமல் தொங்கும்போது உள்ள கணக்கு. தூக்கும்போது அது நகர வேண்டும், நின்றிருந்தது வேகம் பிடிக்க வேண்டும், அங்கேதான் 1687இல் நியூட்டன் எழுதி வைத்த இரண்டாம் விதி வருகிறது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான், விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம். கயிற்றின் இழுவை எடையைத் தாங்குவதோடு முடுக்கத்துக்கான பங்கையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். மெதுவாக, சீரான வேகத்தில் போகிற மூட்டைக்கு இந்தக் கூடுதல் பங்கு கிட்டத்தட்ட சுழிதான். வெடுக்கென்று இழுத்தால்தான் வினை.

மானூர், ஆலங்குளம் பக்கம் கிணறு ஆழப்படுத்தும் இடங்களில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பாறையை உடைத்துக் கல்லையும் சரளையும் தொட்டியில் அள்ளிப்போட்டு இன்ஜின் வைத்து மேலே இழுப்பார்கள். தொட்டியும் கல்லுமாக 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தை அரை நொடியில் பிடித்தால் கயிற்றில் ஏறுவது சுமார் 240 கிலோ, பரவாயில்லை. கிளட்சைப் பட்டென்று விட்டு அதே வேகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பிடித்தால் சுமார் 400 கிலோ. கல்லும் அதே, கயிறும் அதே. இன்ஜின்காரர் கை ஒன்றுதான் வேறு.

அதைவிட மோசம், தொட்டி பாறை விளிம்பில் தட்டி உட்கார்ந்துகொள்வது. இறக்கும்போது தொட்டி விளிம்பில் நின்றுவிடும், மேலே இருப்பவருக்குத் தெரியாது, கயிறு தளர்ந்துகொண்டே இறங்கும். பிறகு தொட்டி வழுக்கி விடுபடும். ஒரு மீட்டர் தளர்வு இருந்தால் ஒரு மீட்டர் சும்மா விழும், அதற்குள் நொடிக்கு 4.4 மீட்டர் வேகம் வந்துவிடும். அந்த வேகத்தைக் கயிறு பத்து சென்டிமீட்டர் நீண்டு நிறுத்துகிறது என்றால் அந்த நேரத்தில் கயிற்றில் ஏறும் சராசரி இழுவையே எடையைப் போல 11 மடங்கு. 200 கிலோ தொட்டிக்கு 2,200 கிலோ! கயிறு நீளாத வகை என்றால் இன்னும் கூடும். நான் எடையைப் போலப் பத்து மடங்கு தாங்கும் கயிறுதான் கேட்பேன், அதுவே இங்கே போதாது. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் பாதிக்குப் பக்கம் குறையும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் தொட்டி ஏறி இறங்கும்போது கிணற்றுக்குள் நேர் கீழே ஆள் நிற்கக்கூடாது என்று கத்திக்கொண்டே இருக்கிறேன். "இத்தன வருசமா நிக்கோம், என்ன ஆச்சி?" என்பார்கள். அத்தனை வருசமும் கயிறு தளரவில்லை, அவ்வளவுதான்.

இனி உராய்வு. துருப்பிடித்துச் சுற்றாமல் நிற்கும் கப்பியை யாரும் தூக்கிப் போடுவதில்லை, கயிறு அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். உராய்வுக் கெழு (கயிறும் கப்பியும் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு) 0.2 என்றால்கூட 50 கிலோ மூட்டையைத் தூக்க சுமார் 94 கிலோ இழுக்க வேண்டும், கொக்கிக்கு 144 கிலோ. ஆனால் அதே மூட்டையை நழுவாமல் பிடித்து நிற்க 27 கிலோ போதும். தூக்கும்போது எதிரி, பிடிக்கும்போது கூட்டாளி. இந்தக் கூட்டாளியை நம்பிப் பழகிய கைதான் ஆபத்தான கை. ஒருநாள் யாரோ நல்ல மனசோடு கப்பிக்கு கிரீஸ் போட்டுவிடுவார்கள், அல்லது புதுக் கப்பி வந்துவிடும்.

60 கிலோ ஆள் ஒருவர் கயிறு பிடித்திருக்கிறார், மறுபக்கம் மேலே 70 கிலோ சுமை. கூட இழுத்தவர் பீடி பற்றவைக்கக் கையை எடுக்கிறார். துருக் கப்பியில் ஒன்றும் ஆகாது, உராய்வு பிடித்துக்கொள்ளும். வழுவழுவென்று சுற்றும் கப்பியில் சுமை இறங்க, ஆள் ஏறுவார். வித்தியாசம் 10 கிலோ, நகர வேண்டியது 130 கிலோ, முடுக்கம் 0.75தான், அதாவது ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 0.75 மீட்டர் கூடும். மெதுவாகத்தான் கிளம்பும், அதனாலேயே விட்டுவிடத் தோன்றாது, இறுக்கிப் பிடிப்பார். ஆறு மீட்டர் போவதற்குள் நான்கு நொடி, வேகம் மணிக்கு 11 கிலோமீட்டர், தலைக்கு மேலே கப்பி. கால் தரையை விட்டு எழும்புகிறது என்று தெரிந்த உடனே கயிற்றை விட்டுவிட வேண்டும், சுமை போனால் போகட்டும், அதன் அடியில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்வது முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை.

நெல்லையப்பர் தேரும் இதே விதிக்குள்தான், ஆனால் அங்கே கணக்கு வேறு பக்கம் சாயும். சுமார் 450 டன் என்பார்கள், ஆட்கள்தான் வடம் பிடித்து இழுக்கிறார்கள். அவ்வளவு மெதுவாகக் கிளம்பும் தேருக்கு முடுக்கத்துக்கென்று தேவைப்படும் விசை கொஞ்சம்தான். இழுப்பெல்லாம் உராய்வை வெல்லவே போகிறது, அதிலும் நின்ற தேர் அசையும் அந்த ஒரு கணத்துக்கு. பின்னாலிருந்து தடி போட்டு நெம்புகிறவர்கள் இல்லாமல் அந்தக் கணம் வராது. 2024 ஆனித் தேரோட்டத்தில் வடம் அடுத்தடுத்து அறுந்ததை ஊரே பார்த்தது. காரணத்தை ஆளுக்கொன்று சொன்னார்கள், நான் அதற்குள் போகவில்லை.

சைட்டுக்கு வருகிறேன். சுமை இறக்கும்போது கயிற்றை நட்டுவைத்த வலுவான தூணில் ஒரு முழுச் சுற்று சுற்றிக்கொண்டு விடுங்கள். அதே 0.2 கெழுவுக்கு 50 கிலோவைப் பிடிக்க 14 கிலோ போதும், கை எரியாது. கயிறு நனைந்திருந்தால் இந்த எண்ணை நம்பாமல் இன்னொரு சுற்றுப் போடுங்கள்.

தூக்குவதற்கு இரண்டாவது கப்பி ஒன்று வாங்குங்கள். கயிற்றின் ஒரு முனையைக் கம்பில் கட்டி, மூட்டையோடு சேர்ந்து ஏறும் கப்பி வழியாகக் கொண்டுபோய், மேல் கப்பியில் போட்டு இழுத்தால் ஆளுக்கு 25 கிலோ, கம்புக்கு 75 கிலோ. ஆறு மீட்டர் ஏற்ற 12 மீட்டர் கயிறு இழுக்க வேண்டியிருக்கும், நேரம் ஆகும், மேஸ்திரி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.