தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு, ஸ்கூலுக்கு அனுப்பலாமா?

மாசி பிறந்தால் போதும், சின்னம்மையோடு இந்தப் பேச்சும் ஆரம்பித்துவிடும். "டாக்டர், நேத்து மூணாவது தண்ணி ஊத்திட்டோம். ஃபிட்னஸ் சர்டிபிகேட் ஒண்ணு எழுதிக் குடுங்க, நாளைக்கு டெஸ்ட் இருக்கு." சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகில் நீர் கோத்த கொப்புளங்கள் நாலைந்து பளபளவென்று நிற்கும். அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்புக்குப் போனால், அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் அதே பெஞ்சிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கும் மூன்று தண்ணீர், அவர்களுக்கும் சர்டிபிகேட்.

வேப்பிலை கட்டுங்கள், விளக்கேற்றுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. தண்ணீர் ஊற்றுவது உங்கள் வீட்டு வழக்கம். ஆனால் 3, 5, 7 என்று ஒற்றைப்படை நாள் பார்த்து ஊற்றுகிறீர்களே, கொப்புளத்துக்குப் பஞ்சாங்கம் தெரியாது. சின்னம்மை ஒரே நாளில் வந்து முடிவதில்லை. மூன்று நான்கு நாட்களுக்குப் புதிது புதிதாகக் கிளம்பும். அதனால்தான் ஒரே முதுகில் சிவந்த புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். முதலில் வந்தது காய்ந்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். கடைசியாக வந்தது இன்னும் ஈரமாக இருக்கிறது.

பார்க்க வேண்டியது அந்தக் கடைசிக் கொப்புளத்தைத்தான். பகல் வெளிச்சத்தில் தலைமுடியை வகிர்ந்து பாருங்கள். காதுக்குப் பின்னால், அக்குளில், அரைஞாண் கயிற்றுக்கு அடியில் பாருங்கள். எல்லாம் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அனுப்பலாம். பெரும்பாலும் 5 முதல் 7 நாளில் அந்த நிலை வந்துவிடும். பொருக்கு உதிர வேண்டியதில்லை, தழும்பு மறைய வேண்டியதும் இல்லை. பெரியம்மையில்தான் பொருக்கு உதிரும்வரை தள்ளி வைக்க வேண்டியிருந்தது. அந்த நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-இல். பொருக்கைக் கண்டு பயப்படுவது மட்டும் இன்னும் ஒழியவில்லை.

இதற்கு நேர்மாறாக, "21 நாள் கழித்துத்தான் சேர்ப்போம்" என்று திருப்பி அனுப்பும் பள்ளிகளும் உண்டு. 21 என்பது நோய் வந்த பிள்ளையின் கணக்கே இல்லை. அவனோடு உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கு நோய் வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும். கவனிக்க வேண்டியது அவர்களை.

பள்ளி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கொப்புளம் தெரிந்தால், ஜன்னல் திறந்திருக்கும் தனி அறையில் உட்கார வைத்து உடனே வீட்டுக்குச் சொல்லுங்கள். ஸ்டாஃப் ரூம் பெஞ்ச் தனி அறை ஆகாது, இது காற்றில் பரவும் நோய். மாலை வேனிலும் ஏற்றாதீர்கள். அன்றே ஒரு நோட்டுப் போடுங்கள்: பெயர், வகுப்பு, முதல் கொப்புளம் தெரிந்த தேதி, தடுப்பூசி எத்தனை தவணை, கூடப் பிறந்தவர்கள் எந்த வகுப்பு, எந்த வேன், எந்த டியூஷன். இரண்டாவது பிள்ளைக்கு வரும்போது இந்த நோட்டுதான் வழி காட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பலாம், அதில் பிள்ளையின் பெயர் வேண்டாம்.

மூன்று நாள் லீவு விட்டு, பிளீச்சிங் பவுடர் தூவி, புகை அடிப்பது வெறும் கண்துடைப்பு. புகை கொசுவுக்கானது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அந்தப் பிள்ளை பரப்பத் தொடங்கியிருப்பான். தொற்றியவர்களுக்கு மூன்று நாளில் ஒன்றுமே தெரியாது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டிய அவசர வேலை வேறு. பள்ளியில் கர்ப்பமாக இருக்கும் டீச்சர், ஆயாம்மா யார்? நெஃப்ரோடிக் என்னும் சிறுநீரகப் பிரச்சினைக்கு ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை, புற்றுநோய் மருந்து எடுக்கும் பிள்ளை யார்? இவர்களிடம் அன்றே சொல்லி, அன்றே அவரவர் டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். முன்பு அம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணிக்கு இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளைச் செலுத்தும் ஊசி) தேவைப்பட்டால், நோயுள்ள பிள்ளையோடு இருந்ததிலிருந்து 10 நாளுக்குள் போட வேண்டும். "அடுத்த ஸ்கேனுக்குப் போறப்ப கேட்டுக்கலாம்" என்றால் நாள் கடந்துவிடும். கர்ப்பிணிக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போடக் கூடாது, அது உயிருள்ள வைரஸ்.

"எல்லா ஊசியும் போட்டாச்சு சார்" என்று அரசு அட்டையைக் காட்டுவார்கள். அதில் இருக்கும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். சின்னம்மை ஊசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, தனியாரிடம்தான் போட வேண்டும். இரண்டு தவணை: முதலாவது 15 மாதம் முடிந்ததும், விட்டுப்போன இரண்டாவதை 4 - 6 வயதிலாவது. போடாத பிள்ளையின் வகுப்பில் நோய் வந்துவிட்டால் 3 நாளுக்குள், அதிகபட்சம் 5 நாளுக்குள் போட்டாலும் பலன் உண்டு. ஊசி போட்டும் சிலருக்கு வரும். ஐம்பதுக்கும் குறைவான சிவந்த புள்ளிகள்தான் இருக்கும், பலருக்குக் கொப்புளமே ஆகாது. அதுவும் பரவும். 24 மணி நேரம் புதிய புள்ளி வரவில்லை என்றால் அனுப்பலாம்.

வீட்டில் தினமும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, ஒற்றித் துடையுங்கள். நகத்தை வெட்டுங்கள். குளிக்காமல் சொறிந்தால் சீழ் பிடிக்கும், தழும்பு நிற்பது அதனால்தான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஐபுபுரோஃபென்னும் வேண்டாம். "அம்மைக்கு மருந்து குடுக்கக் கூடாது" என்பது பழங்கதை. 13 வயது தொட்ட பிள்ளைகளுக்கு நோய் கடுமையாக வரும். வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தைக் கொப்புளம் தெரிந்த முதல் 24 மணி நேரத்தில் தொடங்கினால்தான் முழுப் பலன். நாலு நாளைத் தாண்டிய காய்ச்சல், மூச்சு வாங்கல், தொடர் வாந்தி, எழுப்பினாலும் சொக்கி விழுதல், நடையில் தள்ளாட்டம் - இதில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனைக்கு.

தலைமை ஆசிரியர்களே, நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காய்ச்சல் பிள்ளையைச் சீருடை மாட்டி அனுப்ப வைப்பது அந்தக் கேடயம்தான். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு அம்மை என்றால் பெற்றோர் மறைக்காதீர்கள். முதல் நாளே சொன்னால் தனி அறைக்கு ஏற்பாடு கேட்கலாம்.

சர்டிபிகேட்டுக்குப் பிள்ளையை நேரில் கூட்டி வாருங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பாதீர்கள். தலைமுடிக்குள் இருப்பது போட்டோவில் தெரியாது.