காட்டேஜ்: சொல் வந்த வழியும் அதற்கேற்ற தமிழும்

இங்கிலாந்துக் கிராமத்தில் ஒரு வாரம் தங்க இடம் தேடுகிறவர்கள் முதலில் சந்திக்கும் சொல் ‘ஹாலிடே காட்டேஜ்’. கல் சுவர், வைக்கோல் வேய்ந்த கூரை, வாசல் நிலையைச் சுற்றி ரோஜாக் கொடி, உள்ளே விறகு எரியும் கணப்பு. படத்தைப் பார்த்தாலே மனம் அங்கே போய்விடும். இதைத் தமிழில் எழுதும்போது சிலர் ‘விடுமுறைக் குடிசை’ என்கிறார்கள், சிலர் ‘குடில்’ என்கிறார்கள், பலர் காட்டேஜ் என்றே விட்டுவிடுகிறார்கள். எது பொருந்தும் என்று சொல்ல, அந்தச் சொல் கடந்து வந்த தூரத்தைப் பார்க்க வேண்டும். ஏழைகளின் வீட்டைக் குறித்த சொல் அது. வசதி உள்ளவர்களின் ஓய்விடத்துக்குப் பெயராக மாற அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

சொல்லில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. ‘காட்’ என்பது பழைய ஆங்கிலம். சிறு வீடு என்று பொருள். ஆட்டுப் பட்டிக்கும் புறாக் கூட்டுக்கும் அதன் இன்னொரு வடிவமான ‘கோட்’ வழங்கியது. புறாக் கூட்டை இன்றும் டவ்கோட் என்கிறார்கள். ஊர்ப் பெயர்களிலும் இது ஒளிந்திருக்கிறது. டிட்காட் என்றால் டுட்டா என்பவனின் குடிசை. குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன ஆஸ்காட், கிழக்கே இருந்த குடிசை. பின்னால் உள்ள ‘ஏஜ்’ பிரெஞ்சு விகுதி. 1066-இல் பிரான்ஸின் வடக்கிலிருந்து வந்த நார்மானியர்கள் நாட்டைப் பிடித்த பிறகு நிர்வாகமும் வழக்குமன்றமும் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன. அப்போதுதான் ஊர்ச் சொல்லுக்கு இந்த விகுதி ஒட்டியது. லத்தீன் ஆவணங்களில் ‘கோட்டாஜியம்’ என்று வருகிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த லக்கேஜும் இதே மாதிரி ஒட்டுச் சொல்தான்: இழுத்துச் செல்வதைக் குறிக்கும் ‘லக்’, அதோடு அதே ‘ஏஜ்’. தொடக்கத்தில் காட்டேஜ் கட்டடத்தை மட்டும் குறிக்கவில்லை. பண்ணைக்காரரிடம் வேலை செய்தவர் அனுபோகத்தில் இருந்த வீடும் அதை ஒட்டிய துண்டு நிலமும் சேர்ந்ததே காட்டேஜ்.

நம்முடைய ‘கொட்டகை’தான் காட்டேஜ் ஆனது என்று சொல்பவர்கள் உண்டு. ‘குடி’யோடு சேர்ப்பவர்களும் உண்டு. காதுக்கு நெருக்கமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விகுதி எப்போது, எங்கிருந்து வந்து ஒட்டியது என்பது ஆவணங்களில் தெரிகிறது. அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சும் பகுதிக்கு பழைய நார்ஸ், டச்சு போன்ற வட ஐரோப்பிய மொழிகளில் உடன்பிறப்புகள் இருக்கின்றன. ஆங்கிலேயர்கள் தமிழ்க் கரையைப் பார்ப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவர்கள் ஊர்ப் பெயர்களில் அது ஏறிவிட்டது. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால், உண்மையான உறவு இருக்கும் இடத்தில்கூட யாரும் நம்மை நம்பமாட்டார்கள். அப்படி ஓர் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் சிறு கட்டிலுக்கும் காட் என்றே பெயர். அது வேறு சொல். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் 17-ஆம் நூற்றாண்டில் ஹிந்தியிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்த ஹிந்திச் சொல்லுக்கு மூலமான சமஸ்கிருத ‘கட்வா’, திராவிட மொழிகளிலிருந்து, அதாவது நம் ‘கட்டில்’ வழியில், போயிருக்கலாம் என்று மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். வீட்டின் பெயருக்கு இல்லாத தமிழ் உறவு, அந்த வீட்டுக்குள் போட்டிருக்கும் கட்டிலின் பெயருக்கு இருக்கலாம்.

சரி, அந்த வீடுகளில் யார் இருந்தார்கள்? 1086-இல் முதலாம் வில்லியம் மன்னர் எடுக்கச் செய்த நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவேட்டில் ‘கோட்டாரி’ என்று ஒரு பிரிவினர் வருகிறார்கள். நிலமே இல்லாதவர்கள், அல்லது வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மட்டும் வைத்திருந்தவர்கள். நம் ஊர் வழக்கில் பண்ணையாள் என்றால் ஏறக்குறைய சரியாக இருக்கும். 500 ஆண்டுகள் கழித்தும் அவர்கள் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1589-இல், முதலாம் எலிசபெத் காலத்தில், ஒரு சட்டம் வந்தது: 4 ஏக்கர் நிலம் சேர்க்காமல் யாரும் காட்டேஜ் கட்டக் கூடாது. மீறிக் கட்டினால் அபராதம் 10 பவுண்டு. இடிக்காமல் வைத்திருந்தால் மாதத்துக்கு 40 ஷில்லிங். ஒரு வீட்டில் ஒரு குடும்பத்துக்கு மேல் குடியிருக்கவும் தடை. நிலமற்றவர்கள் பெருகினால் அவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பு ஊர்மேல் விழுமே என்ற பயம் அதன் பின்னால் இருந்தது. 1775-இல்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். அதன் பிறகும் பண்ணை வேலையோடு பிணைத்த வீடுகள் நீண்ட காலம் நீடித்தன. வேலை போனால் வீடும் போகும். இங்கிலாந்தின் விவசாயத் தொழிலாளர்களுக்கு இதிலிருந்து சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1976-இல். அதாவது, இன்று ரோஜாக் கொடியோடு படம் பிடிக்கப்படும் வீடுகள் பலவற்றில், நம் காலத்துக்கு வெகு அருகில்கூட, ‘அடுத்த மாதம் எங்கே போவது’ என்ற கவலையோடு குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. இந்தச் சொல்லை விளக்கும்போது இதை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

சொல்லின் நிறம் மாறத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில். நகரங்கள் புகையும் நெரிசலுமாக ஆக, பணம் படைத்தவர்களுக்குக் கிராமத்து எளிமைமீது ஆசை வந்தது. குடிசை மாதிரித் தோற்றம், உள்ளே எல்லா வசதியும் என்று கட்டிக்கொண்டார்கள். ‘காட்டேஜ் ஓர்னே’ என்று அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயரும் வைத்தார்கள். அலங்காரக் குடிசை என்று பொருள். பிரிஸ்டல் அருகே இருக்கும் பிளேஸ் ஹாம்லெட் இந்த மோகத்தின் நல்ல உதாரணம். ஒரு வங்கி முதலாளி, தன் வீட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்காக 1811 வாக்கில் கட்டுவித்தது. வரைந்தவர் ஜான் நாஷ். பின்னாளில் பக்கிங்ஹாம் அரண்மனையை உருவாக்கிய அதே நாஷ். ஒரு புல்வெளியைச் சுற்றி ஒன்பது வீடுகள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. அப்புறம் ஓவியர்கள் வந்தார்கள். ஹெலன் அலிங்ஹாம் சர்ரே பகுதியின் பழைய வீடுகளை, அவை இடிபட்டும் உருமாறியும் போய்க்கொண்டிருந்த நேரத்தில், நீர்வண்ணத்தில் வரைந்து வைத்தார். அந்த மாதிரிப் படங்கள் சாக்லெட் டப்பாவின் மூடிவரை போய்ச் சேர்ந்தன. அழகான கிராமத்து வீட்டுக்கு ‘சாக்லெட் பாக்ஸ் காட்டேஜ்’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. பெயரின் கவர்ச்சி எவ்வளவு என்றால், ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வே பிறந்த ஷாட்டரி வீட்டையும் காட்டேஜ் என்றே உலகம் அழைக்கிறது. அது 12 அறைகள் கொண்ட வசதியான விவசாயியின் வீடு.

உண்மையான பழைய வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க, கிளாஸ்டர்ஷர் மாவட்டத்தில் பைபரி கிராமத்துக்குப் போகலாம். அங்கே ஆர்லிங்டன் ரோ என்று ஒரு வீட்டு வரிசை. 1380 வாக்கில் மடத்துக்குச் சொந்தமான கம்பளி கிடங்காகக் கட்டப்பட்டு, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர்களுக்கான சிறு வீடுகளாகப் பிரிக்கப்பட்டது. நெய்த துணியை எதிரே இருக்கும் நீர்ப்புல்வெளியில் காயப்போட்டார்கள். பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் இப்போது இந்த வரிசை இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் வாடகைக்கு மக்கள் குடியிருக்கிறார்கள்; 9-ஆம் எண் வீடு மட்டும் விடுமுறைக்கு வருபவர்களுக்கு. வெளியே நின்று படம் பிடிக்கும் கூட்டம் கலைந்த பிறகு உள்ளே இருந்து வெளியே பார்க்கலாம் என்பது அங்கே தங்குவதன் தனிச் சலுகை.

இந்த வீடுகள் நிற்கும் மண்ணைச் சுவரே சொல்லிவிடும். காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் தேன் நிறச் சுண்ணாம்புக் கல். ஹெரஃபர்ட்ஷரில் கருவாலி (ஓக்) மரச் சட்டங்களும் அவற்றுக்கிடையே வரிச்சு கட்டி மண் பூசிய சுவரும். டெவனில் களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து எழுப்பிய மண் சுவர். தலைக்கு நல்ல தொப்பியும் காலுக்கு நல்ல செருப்பும் இருந்தால் மண் சுவர் நெடுநாள் வாழும் என்று டெவன்காரர்கள் சொல்வார்கள். தொப்பி என்றால் மழையை வெளியே தள்ளும் கூரை. செருப்பு என்றால் ஈரம் ஏறாத கல் அடித்தளம். கூரைக்கு நாணலோ கோதுமைத் தாளோ வேய்கிறார்கள். நாணல் கூரை பல பத்தாண்டுகள் தாங்கும். முகட்டை மட்டும் 10, 15 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கீற்று வேய்ந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு வியப்பாக இருக்கும்.

தங்கும் முறையும் ஹோட்டலிலிருந்து வேறு. பெரும்பாலும் வெள்ளி அல்லது சனிக்கிழமையில் தொடங்கி வாரக் கணக்கில் தருவார்கள். வரவேற்க ஆள் இருக்காது. கதவோரப் பெட்டியில் எண்ணை அழுத்திச் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். சமையல் நம் கையில். அரிசி பருப்பு வாங்க அருகில் கடை இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பல கிராமங்களில் கடை மூடப்பட்டு, அந்தக் கட்டடமே ‘பழைய தபால் நிலையம்’ என்ற பெயரில் விடுமுறை வீடாகியிருக்கிறது. உலைக்கூடம், பள்ளிக்கூடம், நெசவாளர் வீடு என்று பெயரைக் கேட்டாலே அங்கே முன்பு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். வாசல் நிலை தாழ்வு, மாடிப்படி செங்குத்து, தரை ஒரு பக்கம் சாய்வு. கல் சுவரின் தடிமனில் வைஃபை திணறும். ஜன்னலை மாற்றிக் குளிரைத் தடுக்கலாமே என்றால் சட்டம் எளிதில் விடாது. 1700-க்கு முன் கட்டி ஏறக்குறைய அதே நிலையில் நிற்கும் கட்டடங்கள் அனேகமாக எல்லாம் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் அவற்றின் தன்மையை மாற்றுவது குற்றம். 1965-இல் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்ட், இப்படிச் சிதையும் கட்டடங்களை வாங்கி, சீர் செய்து, விடுமுறைக்கு விட்டு, அந்த வாடகையில் அவற்றைப் பராமரிக்கிறது. அங்கே டிவி கிடையாது. தங்கியவர்கள் எழுதிவிட்டுப் போகும் குறிப்பேடு மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். பழைய கட்டடத்தைக் காக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் எல்லா விடுமுறை வீடும் இப்படி மீட்கப்பட்டதல்ல. உள்ளூர்ப் பிள்ளைகள் வாங்க முடியாத விலைக்கு வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போட்டவையும் நிறைய. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் மக்கள் 2016-இல் வாக்களித்து, புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே தர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் இரண்டாம் வீடுகளுக்கு வீட்டு வரியை இரண்டு மடங்கு வரை வசூலிக்கலாம்.

இப்போது தமிழுக்கு வருவோம். சொற்கள் ஊர் மாறும்போது அந்தஸ்தும் மாறும். வங்காளத்துச் சிறு வீடான பங்களா, இங்கிலாந்தில் மாடியில்லாத எளிய வீட்டைக் குறிக்கிறது. நமக்கோ பங்களா என்றால் பெரிய மனிதர் மாளிகை. காட்டேஜும் அப்படித்தான். ஊட்டியிலும் குற்றாலத்திலும் அது தனித்தனியாகக் கட்டிய வாடகை அறை, அவ்வளவுதான். ‘குடிசை’ என்று போட்டால் தமிழ் வாசகர் மனதில் வருவது ஓலையும் வறுமையும். 1970-இல் தமிழக அரசு குடிசை மாற்று வாரியம் என்று பெயர் வைத்தபோது, மாற்றப்பட வேண்டிய இருப்பிடம் என்ற பொருளே அதில் முன்னால் நின்றது. டூம்ஸ்டே காலத்துப் பண்ணையாளின் வீட்டைப் பற்றி எழுதினால் குடிசை மிகச் சரி. ‘குடிசைத் தொழில்’ என்ற சொல்லும் நிலைத்துவிட்டது. பைபரி நெசவாளர்கள் செய்தது அதைத்தான், அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் 300 ஆண்டு நின்ற கல் வீட்டுக்குக் குடிசை ஒட்டாது. ‘குடில்’ முனிவர்களையும் கிறிஸ்துமஸ் காலத்து மாட்டுத் தொழுவத்தையும் நினைவூட்டுகிறது. நம்மூர்த் தங்கும் விடுதிகளின் தனி அறைகளுக்கு அது பழகிவிட்டது, அங்கே இருக்கட்டும். ‘குரம்பை’ அழகான சங்கச் சொல். ஆனால் பெரும்பாணாற்றுப்படை அதை ஈத்திலை வேய்ந்த, முள்ளம்பன்றியின் முதுகு போன்ற கூரையோடு காட்டுகிறது. பொருள் வேறு.

என் தேர்வு ‘சிற்றில்’. சிறுமை, இல் என்ற இரண்டும் சேர்ந்தது. இகழ்ச்சி இல்லை, ஆசிரமம் இல்லை, சுவர் மண்ணா கல்லா என்ற கேள்வியும் இல்லை. புறநானூற்றின் 86-ஆம் பாட்டில் காவற்பெண்டு “சிற்றில் நற்றூண் பற்றி” என்கிறார். வீடு சிறியது, தூண் நல்லது. கருவாலித் தூண்கள் தாங்கும் அந்த ஆங்கிலேய வீடுகளுக்கு இந்த அடி தானாகவே பொருந்துகிறது. சிறுமியர் மணலில் கட்டும் விளையாட்டு வீட்டுக்கும் சிற்றில் என்ற பெயர் உண்டு என்பது தெரியும். ஆனால் கட்டுரையிலோ பயணக் குறிப்பிலோ இடம் பார்த்துப் படித்தால் குழப்பம் வராது. காட்டேஜ் என்றால் சிற்றில். ஹாலிடே காட்டேஜ் என்றால் விடுமுறைச் சிற்றில். வேலையோடு பிணைத்த வீட்டுக்குப் பண்ணைச் சிற்றில். பொதுவாசகருக்கான செய்தியில் சிற்றில் கடினமாகப் பட்டால் ‘நாட்டுப்புறச் சிறுவீடு’ என்று எழுதலாம். இடத்தின் பெயராக வந்தால் மட்டும் மொழிபெயர்க்காமல், ஆன் ஹாத்வே காட்டேஜ் என்று அப்படியே வைத்துக்கொள்ளலாம். முகவரி தேடிப் போகிறவருக்கு அதுதான் உதவும்.