கூட்டுக்குள் போன சாவி: ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டும் விதம்

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் படங்களை ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல், பூட்டிவிட்டது. அவர் தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி இது: "அண்ணே, போட்டோவும் என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு, பூட்டுனதும் அதே கம்ப்யூட்டர்தான். அப்ப சாவியும் அதுக்குள்ள எங்கயாவது கிடக்கணுமே, தேடி எடுத்துர முடியாதா?" கணிப்பொறி படித்த பலருக்கும் எளிதில் தோன்றாத, மிகவும் கூர்மையான கேள்வி. விடையைச் சொல்ல அவருடைய ஊர்க் கடற்கரையே எனக்கு உதவியது என்பதால், அதை விரிவாகவே எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். திருமண ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருள் ஒன்றைப் பணம் கட்டாமல் பயன்படுத்த, அதன் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொன்ன ஒரு சிறு நிரலை இணையத்திலிருந்து அவர் இறக்கியிருக்கிறார். நிறுவும்போது ஆன்டிவைரசை அணைத்து வைக்கும்படி அதில் சொல்லியிருந்தது, அணைத்துவிட்டார். விண்டோஸ் அப்டேட் நடப்பதைப் போன்ற ஒரு சாளரம் திரையில் தோன்றி, விழுக்காடு மெதுவாக ஏறத் தொடங்கியது. அவர் டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து 'தங்கச்சிமடம் கல்யாணம்' என்ற கோப்புறையைத் திறந்தபோது, மணமக்களின் முகங்கள் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தாள் படங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னும் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. 'ஏர்வாடி சந்தனக்கூடு', 'காதணி விழா' என்று எதைத் திறந்தாலும் அதே கதிதான். கோப்புறைதோறும் ஒரு கடிதம் மட்டும் படிக்கும் நிலையில் இருந்தது: 980 டாலர் கட்ட வேண்டும், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் 490 டாலர் போதும், நம்பிக்கைக்காக ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுகிறோம். இந்த அடையாளங்கள் எல்லாம் ஸ்டாப் டிஜேவியூ என்ற ரான்சம்வேர் குடும்பத்துக்கு உரியவை. அந்த அப்டேட் சாளரமும் அது காட்டுகிற பொய்த்திரைதான்.

உள்ளே நுழைய வேறு வழிகளும் உண்டு. பில் என்று சொல்லி மின்னஞ்சலில் வரும் இணைப்பு, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லுடன் இணையத்துக்குத் திறந்து விடப்பட்ட தொலைநிலை இணைப்பு, அப்டேட் செய்யாமல் விட்ட விண்டோசின் ஓட்டை ஆகியவை பழகிய வழிகள். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற ரான்சம்வேர் மூன்றாவது வழியில் வந்தது. யாரும் எதையும் சொடுக்காமலேயே கணிப்பொறியிலிருந்து கணிப்பொறிக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் மனம் வருந்துகிறது.

நுழைந்த நிரல் விண்டோசின் சொந்தக் கோப்புகளைத் தொடுவதில்லை. கணிப்பொறி ஓடினால்தானே கடிதத்தைப் படிக்க முடியும்? படம், காணொளி, கணக்கு, கடிதம் என்று மனிதர் உழைப்பில் உருவானவற்றையே அது தேடுகிறது. விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களை அழிக்கிறது. கணிப்பொறியோடு இணைந்திருக்கும் எல்லா டிரைவ்களுக்கும் போகிறது. நண்பர் நகல் வைக்காதவர் அல்லர். ஆனால் நகல் இருந்த ஹார்டு டிஸ்க் அன்று யுஎஸ்பியில் செருகியே இருந்தது. அதுவும் பூட்டப்பட்டது.

இனி பூட்டுக்கு வருவோம். ஓர் எண்ணைச் சாவியாக வைத்துக்கொண்டு கோப்பின் பைட்டுகளை உருத்தெரியாமல் மாற்றுவதுதான் குறியாக்கம்; அதே எண் கையில் இருந்தால் அப்படியே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். 1989-இல் ஜோசப் பாப் என்ற உயிரியலாளர் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி ஆயிரக்கணக்கான பிளாப்பி வட்டுகளை அஞ்சலில் அனுப்பினார். உலகின் முதல் ரான்சம்வேராகக் கருதப்படும் அதில் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவிதான். கணிப்பொறி ஏறத்தாழ 90 முறை தொடங்கிய பின் அது கோப்புப் பெயர்களை மறைத்துவிட்டு, 189 டாலரைப் பனாமாவில் உள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பச் சொன்னது. பூட்டும் நிரலைப் பிரித்துப் பார்த்தால் சாவி அதற்குள்ளேயே இருந்தது என்பதால், மீட்கும் கருவிகள் விரைவில் வந்துவிட்டன. நண்பரின் கேள்வி அந்தக் காலத்தில் கேட்கப்பட்டிருந்தால், 'ஆமாம், தேடி எடுத்துவிடலாம்' என்பதே விடையாக இருந்திருக்கும்.

அந்த விடையை மாற்றியது எது என்பதற்கு மண்டபம், பாம்பன் பக்கம் பார்களுக்கு (கடலடிப் பாறைத் திட்டுகளுக்கு) இடையே மீன் பிடிக்க மீனவர்கள் இறக்கும் கூட்டைப் பார்த்தால் போதும். முன்பு குச்சிகளால் பின்னியதை இப்போது கம்பியிலும் வலையிலும் செய்கிறார்கள். கூட்டின் வாய் புனலைப் போன்றது: வெளியே அகலம், உள்ளே போகப்போகக் குறுக்கம். இரையைத் தேடி வரும் ஓராவும் விளமீனும் அகன்ற பக்கத்தில் எளிதாக நுழைந்துவிடும். உள்ளே போன மீனுக்கு அந்தக் குறுகிய துளை சுவரில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். சுற்றிச் சுற்றி வந்தாலும் வழி அகப்படாது. ஆனால் கூட்டுக்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஒரு பக்கத்தில் தாம் கட்டிய கட்டை அவிழ்த்து மீனைக் கொட்டிக்கொள்வார். நுழைவதற்கு ஒரு வழி, எடுப்பதற்கு வேறொரு வழி. நுழையும் வழியை யார் பார்த்தாலும் எடுக்கும் வழிக்கு ஆபத்தில்லை.

எண்களால் இப்படி ஒரு கூட்டைப் பின்ன முடியும் என்பதை 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் காட்டினார்கள். எனக்கு இதைப்போல் மகிழ்ச்சி தரும் கணக்கு வேறில்லை. தாளும் பேனாவும் இருந்தால் நீங்களும் போட்டுப் பார்க்கலாம். 3, 11 என்ற இரண்டு பகா எண்களை எடுங்கள். பெருக்கினால் 33. 33-ஐயும் 7-ஐயும் ஊரறியச் சொல்லிவிடுங்கள். இதுதான் பொதுச் சாவி, கூட்டின் வாய். நான் மறைக்க விரும்பும் எண் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 7 முறை எடுத்துப் பெருக்கினால் 128. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 29. இந்த 29-ஐ யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். திறப்பவருக்குத் தேவை 3 என்ற தனிச் சாவி. 29-ஐ 3 முறை எடுத்துப் பெருக்கினால் 24,389. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 2. மறைத்த எண் திரும்ப வந்துவிட்டது!

இந்தத் தனிச் சாவி எங்கிருந்து வந்தது? இரண்டு பகா எண்களிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்குங்கள்: 2 பெருக்கல் 10, ஆக 20. 7-உடன் எதைப் பெருக்கி 20-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று தேடினால் 3 அகப்படும், ஏனென்றால் 7 மூன்று 21. ஆகவே 33 எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கம் என்று தெரிந்தவருக்கே தனிச் சாவி கிடைக்கும். 33-ஐப் பள்ளிப் பிள்ளைகூடப் பிரித்துவிடும். ஆனால் பல ரான்சம்வேர்கள் பயன்படுத்துவது 2048 பிட் எண்; தாளில் எழுதினால் 617 இலக்கம். பெருக்குவது நொடிக்கும் குறைவான வேலை, பிரிப்பதோ நம் காலத்துக் கணிப்பொறிகளுக்கு இயலாத வேலை. 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். அந்த உழைப்பு முழுவதையும் கணிப்பொறிச் செயலியின் ஒரே ஒரு மையக்கரு (core) செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும். 617 இலக்கம் என்பது அதைப்போல் இரண்டரை மடங்குப் பாடு அன்று. இலக்கம் கூடக்கூடப் பாடு தாவித் தாவிப் பெருகும்.

இந்தக் கணக்கு வேகம் குறைந்தது என்பதால் படங்களையே இதனால் பூட்டுவதில்லை. இரண்டு அடுக்காகப் பூட்டுகிறார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஊகிக்க முடியாதபடி ஒரு புதுச் சாவியை உருவாக்கி, சல்சா20 போன்ற வேகமான முறையால் கோப்பைப் பூட்டிவிட்டு, அந்தச் சின்னச் சாவியைப் பொதுச் சாவி என்னும் கூட்டுக்குள் போட்டு, கோப்பின் வால்பகுதியிலேயே எழுதிவிட்டு, நினைவகத்தில் இருப்பதைத் துடைத்துவிடுகிறார்கள். பூட்டை இப்படிப் பகை நோக்கத்துக்குத் திருப்ப முடியும் என்று 1996-லேயே ஆடம் யங், மோட்டி யுங் என்ற இரு ஆய்வாளர்கள் கட்டுரை எழுதி எச்சரித்திருந்தார்கள். ஆகவே நண்பரின் ஊகம் பாதி சரி. அவருடைய ஒவ்வொரு படத்தின் சாவியும் அந்தப் படத்தின் வாலிலேயே, அவருடைய மேசைமேலேயே இருக்கிறது. ஆனால் கூட்டுக்குள் இருக்கிறது. கூட்டை அவிழ்க்கும் தனிச் சாவி அவருடைய கணிப்பொறிக்கு ஒருபோதும் வரவே இல்லை.

கூட்டைப் பின்னியவர்களே கவனம் தவறியதும் உண்டு. வான்னாகிரை தன் பகா எண்களைப் பாதிக்கப்பட்டவரின் கணிப்பொறியிலேயே உருவாக்கியது. விண்டோஸ் எக்ஸ்பி அந்த எண்களை நினைவகத்திலிருந்து துடைக்காமல் விட்டுவிட்டது என்பதை ஆட்ரியன் கினே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டுபிடித்தார். கணிப்பொறியை அணைக்காமல் வைத்திருந்தவர்கள் சிலர், நினைவகத்தில் எஞ்சியிருந்த அந்தப் பகா எண்ணைத் தேடி எடுத்துக் கோப்புகளைத் திறந்துகொண்டார்கள். அவர்கள் செய்ததும் மேலே நாம் போட்ட அதே கணக்குதான், இலக்கங்கள் மட்டும் கூடுதல்.

இடையே ஒன்றைச் சொல்ல வேண்டும். நண்பரின் வீட்டில் இதைக் கண்ணேறு என்று கருதி, கடை வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். அவர்கள் மனவேதனையை நான் மதிக்கிறேன். ஆனால் கண்ணேறு என்று நம்பிவிட்டால் ஆன்டிவைரசை அணைத்த அந்த ஒரு நிமிடத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதால், இதை வெளிப்படையாக எதிர்ப்பது என் கடமை. இந்தப் பூட்டுக்கு அடிப்படையான, பகா எண்களை ஆராயும் எண் கோட்பாட்டால் என்ன பயன் என்று கேட்டு நிதியைக் குறைப்பவர்களுக்கும் ஒரு சொல். ஓர் எண் பகா எண்ணா என்பதை உறுதியாகவும் விரைவாகவும் அறியும் வழியை 2002-இல் உலகுக்குத் தந்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும். அப்படிப்பட்ட மாணவர் இந்தக் கடற்கரைக் கல்லூரிகளிலும் இருப்பார். கணிதத் துறைக்குப் பணம் ஒதுக்கினால்தான் அவரை நாம் காண்போம்.

நண்பரிடம் முதலில் நெட் வயரையும் ஹார்டு டிஸ்க்கையும் கழற்றச் சொன்னேன். இந்தக் குடும்பத்து நிரல் கடவுச்சொற்களைத் திருடும் துணை நிரலையும் கூட்டி வருவது வழக்கம் என்பதால், வேறொரு கணிப்பொறியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினார். இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகாரும் கொடுத்தார். பணம் கட்டவில்லை. டிஜேவியூ வேகத்துக்காக ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டுகிறது. படங்களுக்கு அதுவே சாவு, ஏனெனில் படத்தைக் கட்டி எழுப்பும் அட்டவணைகள் தலைப்பகுதியில்தான் இருக்கின்றன. பல ஜிகாபைட் காணொளிக்கோ அது நுனி நகம். அதே கேமராவில் எடுத்த நல்ல காணொளி ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், எஞ்சியதை மீட்கும் கருவிகள் இருக்கின்றன. தங்கச்சிமடம் கல்யாணத்தின் முகூர்த்தக் காணொளி, தொடக்கத்தில் ஒரு துளி நீங்கலாக, இப்படித் திரும்பி வந்தது.

படங்கள் வரவில்லை. பூட்டும் நேரத்தில் இணையம் கிடைக்காமல் போனால், டிஜேவியூ பலருக்கும் பொதுவான ஒரு சாவியைப் பயன்படுத்தும். அப்போது கடிதத்தில் பாதிக்கப்பட்டவருக்குத் தரும் அடையாளக் குறி (ID) டி1 (t1) என்று முடியும், அப்படிப்பட்ட கோப்புகளை ஒரு நாள் திறந்துவிட வாய்ப்பு அதிகம். நண்பரின் அடையாளக் குறி அப்படி முடியவில்லை. ஆனாலும் 2016-இல் டெஸ்லாகிரிப்ட் என்ற ரான்சம்வேரை நடத்தியவர்கள் தங்கள் முதன்மைச் சாவியைத் தாங்களே வெளியிட்டுவிட்டு ஒதுங்கினார்கள் என்று அவரிடம் சொன்னேன். பூட்டிய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல், உப்புக் காற்று படாதபடி பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேலே தேதியை எழுதி ஒட்டி, கடை பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறார்.