கூழாங்கற்களுக்குள் ஓடும் ஆறு

"ஆற்றில் டிரவுட் மீன் குறைந்துவிட்டால், பண்ணையில் குஞ்சு வளர்த்துக் கொண்டுவந்து விட்டுவிடலாமே? கரைக்கு வேலி, மரம் என்று ஏன் செலவழிக்கிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் பல ஆறுகளில் டிரவுட்டின் கஷ்டம் அது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். 0 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 14.6 மில்லிகிராம் கரையும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம்தான். கரையில் மர நிழல் எதற்கு என்பதற்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பதில் ஆற்றின் அடியில். பழுப்பு டிரவுட்டில் பெண் மீன் இலையுதிர் காலத்தின் கடைசியில் சரளைக்கல் பரவிய இடமாகத் தேடிப் போகும். ஆழமான மடு முடிந்து நீர் மேலேறி வேகமெடுக்கும் இடம் அதற்குப் பிடித்தமானது. அங்கே ஒருக்களித்துப் படுத்து வாலைப் படபடவென்று அடிக்கும். அந்த அடியில் எழும் உறிஞ்சுவிசையில் கற்கள் கிளம்பும். கனமான கல் பக்கத்திலேயே விழும், நுண்மணலும் சேறும் ஓட்டத்தோடு போய்விடும். குழியில் முட்டையிட்டு, ஆண் மீன் கருவுறச் செய்ததும், பெண் மீன் ஓட்டத்துக்கு எதிராகச் சற்று மேலே நகர்ந்து மறுபடி தோண்டும். அங்கிருந்து கிளம்பும் கற்கள் வந்து முட்டைகளை மூடும். அதாவது, கல்லைச் சலித்துக் கழுவி ஒரு மேடு கட்டிவிடுகிறது!

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த மேட்டின் வடிவம். ஓடிவரும் நீர் மேட்டில் முட்டும் பக்கத்தில் அழுத்தம் கூடும். தாண்டி இறங்கும் பக்கத்தில் குறையும். இந்த வித்தியாசம் ஆற்றுநீரில் கொஞ்சத்தைக் கல் இடுக்குகளுக்குள் தள்ளுகிறது. புதைந்து கிடக்கும் முட்டைக்கு ஆக்சிஜன் வருவதும், அதன் கழிவு வெளியேறுவதும் இந்த ஓட்டத்தால்தான். அன்றன்றைய நீரின் வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்தால், கூட்டுத்தொகை 400ஐத் தாண்டும் சமயத்தில் முட்டை பொரியும். 5 டிகிரி நீரில் அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம். பொரிந்த குஞ்சும் உடனே வெளியே வராது. வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருப் பையைத் தின்று தீர்க்கும்வரை கல்லுக்குள்ளேயே இருக்கும்.

இப்போது உழுத நிலத்திலிருந்தும், மாடுகள் மிதித்துச் சரிந்த கரையிலிருந்தும் சேறு வருகிறது என்று வையுங்கள். இடுக்குகள் அடைபடும், உள்ளோட்டம் நிற்கும். மேலே ஆறு தெளிவாகத்தான் ஓடும். உள்ளே முட்டைகள் மூச்சுமுட்டிச் செத்திருக்கும்.

குஞ்சுகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டால் சேறு போய்விடுமா? அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் டிக் வின்சென்ட் என்ற மீன் ஆய்வாளர், மேடிசன் ஆற்றில் மீன் விடுவதை நிறுத்திய பகுதியில் காட்டு டிரவுட், அதாவது ஆற்றிலேயே பிறந்து வளரும் டிரவுட், பெருகுவதைக் கண்டார். பெரிய பண்ணை மீன்கள் வந்து இறங்கும்போது, அங்கேயே பிறந்த மீன்கள் இடத்தை இழக்கின்றன. 1974இல், காட்டு டிரவுட் தானாகப் பெருகக்கூடிய ஆறுகளில் மீன் விடுவதையே அந்த மாநிலம் நிறுத்தியது. வாளியிலிருந்து குஞ்சு விடுவதற்குச் சுலபமாகக் கிடைக்கும் பணம், சேற்றை அளக்கும் ஆய்வுக்குக் கிடைப்பதில்லை. இது மாறியே ஆக வேண்டும்.

சரி, வேலை எப்படி நடக்கிறது? மாடு இறங்காமல் வேலி போட்டால் கரையில் புல்லும் மரமும் வேர்பிடித்து மண்ணைக் கட்டும். பயன்படாத தடுப்பணைகளை எடுத்தால் மீனுக்கு வழி திறக்கும், மேலிருந்து சரளையும் இறங்கிவரும். அப்புறம், ஒரு மரத்தைச் சாய்த்து ஆற்றிலேயே கட்டிப்போடுவார்கள். நீர் அதைச் சுற்றி நெருக்கி ஓடும்போது அங்கே சேறு அரித்துப்போய்ச் சரளை தெரியும்; அரித்த சேறு மரத்தின் பின்னால் தேங்கிய நீரில் படியும்.

குளிர்காலத்தில், ஆற்றைச் சீரமைக்கும் அதே ஆட்கள் கரையோரமாக நடந்து ஆற்றின் அடியைப் பார்த்துக்கொண்டே போவார்கள். பாசி பிடித்துக் கறுத்த கற்களுக்கு நடுவே, புதிதாய்ப் புரட்டிக் கழுவிய கற்கள் வெளிறித் தெரியும். அந்தத் திட்டுகளைத்தான் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள்.