ஐந்து நிமிடப் பேச்சு என்ன செய்துவிடும்?

பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டு நாள் முழுக்கப் போன் போடும் கால் சென்டர் வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம்பரைப் போட வேண்டும், எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்க வேண்டும், எதிர்முனையில் பட்டென்று வைத்துவிட்டால் அடுத்த நம்பருக்குப் போக வேண்டும். வசூலாகும் பணத்தில் ஒரு பகுதி மாணவர்களின் உதவித்தொகைக்குப் போகிறது என்று அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும், ஆனால் அதை வாங்கிப் படித்த ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது ஆடம் கிராண்ட் இப்படியொரு கால் சென்டரில் செய்த சோதனை 2007இல் வெளியானது. ஊழியர்களில் சிலருக்கு மட்டும், உதவித்தொகையில் படிக்கும் ஒரு மாணவரை நேரில் கூட்டிவந்து காட்டினார். இவர்கள் கேள்வி கேட்டார்கள், அவர் பதில் சொன்னார், ஐந்து நிமிடம்தான். இன்னொரு குழுவுக்கு அப்படியொரு மாணவர் எழுதிய கடிதம் மட்டும். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நேரில் சந்தித்தவர்கள் வாரத்தில் போனில் பேசிய நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது, திரட்டிய பணம் 171 சதவீதம். கடிதம் படித்த குழுவில் சொல்லும்படி மாற்றமே இல்லை.

எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது அந்தக் கடிதம்தான். "உங்களால் ஒருவர் படிக்கிறார்" என்கிற தகவல் அதிலும் இருந்தது. ஆனால் தெரிந்துகொள்வது வேறு, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பது வேறு. நேரில் பார்த்தபின் நாம் செய்வது ஒருவரைப் போய்ச் சேர்கிறது என்பது உறைக்கிறது, அந்த மனிதர்மேல் ஒரு ஒட்டுதலும் வந்துவிடுகிறது. அடுத்த நம்பரைப் போட வைப்பது இந்த இரண்டும்தான்.

அப்படியானால் மேலாளரின் வேலை என்ன? மேடை போட்டு லட்சியம் பேசுவதா? கிராண்டும் டேவிட் ஹாஃப்மனும் 2011இல் இதையும் சோதித்தார்கள். லட்சியப் பேச்சைத் தலைவர் பேசுவதைவிட, பலன் பெற்றவரே வந்து பேசும்போதுதான் வேலை கூடுகிறது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான்: மேலதிகாரி லட்சியம் பேச ஆரம்பித்தாலே "சரி, ஏதோ வேலை வாங்கப் போகிறார்" என்று மனசு சொல்லிவிடும். ஆகவே நல்ல தலைவர் தான் ஒதுங்கி நின்று ஊழியரையும் பலன் பெற்றவரையும் சந்திக்க வைக்கிறார். இதையே சாக்காக வைத்துச் சம்பளத்தை ஏற்றாமல் இழுத்தடிப்பது அநியாயம், சொல்லிவிடுகிறேன்.

ஊழியர் செய்யும் வேலையின் அர்த்தத்தை ஒரு தலைவர் கெடுத்துவிடுவதும் சுலபம். நடத்தைப் பொருளாதார ஆய்வாளர் டான் ஏரியலியும் இரண்டு சகாக்களும் 2008இல் வெளியிட்ட சோதனையில், லெகோ எனப்படும் பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்திப் பொம்மை செய்தால் காசு. முதல் பொம்மைக்கு 2 டாலர், பிறகு ஒவ்வொன்றுக்கும் 11 சென்ட் குறையும். ஒரு குழு செய்த பொம்மைகளை அவர்கள் எதிரிலேயே மேசையில் வரிசையாக வைத்தார்கள். மற்றக் குழுவில், ஒருவர் இரண்டாவது பொம்மையைச் செய்துகொண்டிருக்கும்போதே முதல் பொம்மையை அவர் கண்ணெதிரே துண்டு துண்டாகக் கழற்றி, அதே துண்டுகளை மறுபடியும் அவரிடமே நீட்டினார்கள். முன்னவர்கள் சராசரியாக 10.6 பொம்மை செய்தார்கள், பின்னவர்கள் 7.2. இத்தனைக்கும் எல்லாப் பொம்மையும் கடைசியில் கழற்றப்படும் என்று இரு குழுவுக்கும் முன்பே சொல்லியாயிற்று, கூலியும் ஒன்றே.

நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தில் ஆறு வாரம் உட்கார்ந்து ஒரு ரிப்போர்ட் தயாரித்துக் கொடுத்தோம். யாராவது திறந்து பார்த்தார்களா என்று இன்றுவரை தெரியாது. அடுத்த ரிப்போர்ட்டை நான் எப்படிச் செய்திருப்பேன் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

லெகோ சோதனையில் இன்னொன்றும் இருக்கிறது. பொம்மையை வரிசையாக வைத்த குழுவில், லெகோமேல் பிரியம் அதிகமுள்ளவர்கள் அதிகம் செய்தார்கள். கண்ணெதிரே கழற்றிய குழுவில் அந்தப் பிரியத்துக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. "பையனுக்கு வேலையில் ஆர்வமே இல்லை" என்று அடுத்த முறை ஒரு மேலாளர் அலுத்துக்கொண்டால், அவன் கடைசியாக முடித்துக் கொடுத்த வேலை இப்போது எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள்.