மின்காந்தமா, மின்காந்த விசையா?

கவசம், துப்பாக்கி, பறக்கும் கார் என்று எதை எழுதினாலும் நம் அறிவியல் புனைகதைகளில் ‘மின்காந்தம்’ வந்து நிற்கும். உண்மையில் அது ஒரு கருவியின் பெயர்: இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றிய கம்பிச்சுருள். மின்னோட்டத்தை நிறுத்தினால் காந்தத்தன்மை ஏறக்குறைய முழுதும் போய்விடும். மலாயில் இது எலெக்ட்ரோமக்னெட். ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் கெஎலெக்ட்ரோமக்னெத்தான், தமிழில் மின்காந்தவியல். கதையில் இழுப்பதும் தள்ளுவதும் மின்காந்த விசை. ‘மின்காந்த சக்தி’ என்றால் வாசகர் ஆற்றல் என்றே எடுத்துக்கொள்வார்.

‘மின்’ நம் வேர்ச்சொல். மின்னல் பிறந்ததும் அதில்தான். ‘காந்தம்’ வடமொழி ‘அயஸ்காந்தம்’ சுருங்கியது. இரும்புக்குப் பிரியமானது என்று பொருள். ஆங்கிலச் சொல் ‘எலெக்ட்ரோமக்னெட்’டின் முன்பாதி, அம்பருக்கு, அதாவது கல்லாய் இறுகிய மரப்பிசினுக்கு, கிரேக்கர் வைத்த ‘எலெக்ட்ரான்’ என்ற பெயரிலிருந்து வந்தது. தேய்த்த அம்பர் துரும்பை இழுக்கும் குணத்துக்கு அதிலிருந்து பெயர் ஆக்கியவர் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட், 1600இல். மின்னுக்கும் காந்தத்துக்கும் உறவு தெரிந்தது 1820இல்: கம்பியில் மின்னோட்டம் பாய்ந்ததும் பக்கத்திலிருந்த திசைகாட்டி ஊசி திரும்புவதை டென்மார்க் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட் கண்டார்.

இந்த விசை வேலை செய்வதைப் பார்க்க கோலாலம்பூரில் கிளானா ஜெயா எல்ஆர்டி (இலகு ரயில்) தடத்தின் நடைமேடையில் நின்றால் போதும். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே அகலமான பட்டை ஒன்று ஓடும். அதன் மேல்தகடு அலுமினியம். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாதே! ஒட்டத் தேவையில்லை. ரயிலின் அடிச்சுருள்களில் பாயும் மாறுதிசை மின்னோட்டம் நகரும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது பட்டையில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. இரண்டும் மோதும் விசையில் ரயில் நகர்கிறது. சுருளும் பட்டையும் தொடுவதே இல்லை. ஆனால் இது மிதக்கும் ரயில் அல்ல. எடை முழுதும் எஃகுச் சக்கரங்கள் மேல்தான்.

ஆகவே வில்லன் சாதாரணக் காந்தத்தால் தங்கக் கட்டிகளை இழுப்பது நடக்காது. மாறும் புலம் வைத்தால் தங்கம் நகரும், கூடவே சூடேறும். தூரமும் கழுத்தை நெரிக்கும்: சுருளைவிட்டு நன்றாக விலகியபின், தூரம் இருமடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். மின்னோட்டத்தை இரட்டித்து ஈடுகட்டப் பார்த்தால் கம்பியில் வெப்பம் நான்கு மடங்கு. இரும்பு உள்ளகமோ 2 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) அருகில் தெவிட்டிவிடும், அதற்கு மேல் அதில் காந்தம் ஏறாது. 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் காந்தத்தன்மையே போய்விடும். மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சுருள் என்று எழுதினால் வெப்பத் தொல்லையும் உள்ளகத் தொல்லையும் பெரும்பாலும் தீரும், ஆனால் அதற்குக் கடுங்குளிர் வேண்டும், பெரும்பாலும் திரவ ஹீலியக் குளிர். கதாநாயகன் குண்டு வைக்க வேண்டியதில்லை, குளிரூட்டியை அணைத்தால் போதும்.